மனநலச் சிகிச்சையில் குடும்பம்: அம்ரித்சர் கூடாரங்கள் முதல் 2017 சட்டம் வரை

இந்தியாவில் மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களில் மிகப் பெரும்பாலோர் தம் குடும்பத்தோடு வாழ்பவர்கள். மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக்கொடுப்பது, உறங்காத இரவுகளில் உடன் விழித்திருப்பது, மருத்துவரிடம் அழைத்துச் செல்வது, வேலைக்குப் போகாத மகனைப் பற்றி அக்கம்பக்கத்தாருக்கு ஏதேனும் காரணம் சொல்வது ஆகிய எல்லாம் தாய், தந்தை, கணவன், மனைவி, உடன்பிறந்தோர் தலையிலேயே விழுகின்றன. இது தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஆனால் மனநல மருத்துவமனை என்ற நிறுவனத்துக்குள் குடும்பத்துக்கு இடம் கிடைத்தது 1950களில்தான். அதற்கு முன் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குடும்பம் வாசலோடு நிறுத்தப்பட்டிருந்தது. உள்ளே அழைக்கப்பட்ட பிறகு குடும்பத்திடமிருந்து பெறப்பட்டது அதிகம். திருப்பித் தரப்பட்டது குறைவு.

வாசலில் நின்றவர்கள்

சென்னையில் 1794ஆம் ஆண்டு வாலன்டைன் கொனோலி என்ற அறுவை மருத்துவர் 16 பேரைக் கொண்டு ஒரு பித்தர் காப்பகத்தைத் தொடங்கினார். கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்ற இடத்தில் கட்டப்பட்ட அரசுக் காப்பகம் 1871இல் திறக்கப்பட்டது. அதையொட்டி விசாகப்பட்டினத்திலும் கோழிக்கோட்டிலும் காப்பகங்கள் வந்தன. பரந்த சென்னை மாகாணம் முழுமைக்கும் இருந்த இடங்கள் இவ்வளவே. திருநெல்வேலியிலோ மதுரையிலோ இருந்த குடும்பத்துக்குக் காப்பகம் என்பது பல நாள் பயணத் தொலைவில் இருந்த ஒன்று.

காப்பகத்தில் ஒருவரைச் சேர்ப்பது மருத்துவ நடவடிக்கையாக அல்ல, நீதிமன்ற நடவடிக்கையாகவே இருந்தது. 1912ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டத்தின்படி கணவன், மனைவி அல்லது வேறு உறவினர் மாஜிஸ்திரேட்டிடம் மனு கொடுக்க வேண்டும். மனுவோடு இரண்டு மருத்துவச் சான்றுகள் இணைக்கப்பட வேண்டும். மனுதாரர் முந்தைய பதினான்கு நாட்களுக்குள் நோயாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. உத்தரவு கிடைத்து நோயாளி உள்ளே சென்றதும் உறவினரின் பங்கு முடிந்தது. நோய் என்ன, எப்போது குணமாகும், வீட்டுக்கு வந்தால் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவருக்குச் சொல்வது யாருடைய கடமையாகவும் இருக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் குடும்பம் ஒரு மனுதாரர், அவ்வளவுதான்.

1922இல் பித்தர் காப்பகம் என்ற பெயர் மாற்றப்பட்டு மனநோய் மருத்துவமனை என்றானது. ஆனால் உள்ளிருந்த வாழ்க்கை பெயரளவுக்கு மாறவில்லை. விடுதலைக்குச் சற்று முன் போர் குழு, நாட்டின் மனநோய் மருத்துவமனைகளை ஆராயும் பொறுப்பை ராஞ்சி மருத்துவமனையின் கர்னல் மூர் டெய்லரிடம் கொடுத்தது. பெரும்பாலான இடங்கள் நோயைக் குணப்படுத்துவதைக் காட்டிலும் ஆட்களை அடைத்துவைப்பதையே செய்கின்றன என்ற முடிவுக்கு அவர் வந்தார். சுமார் 40 கோடி மக்களுக்கு ஏறத்தாழ 10,000 படுக்கைகளே இருந்தன. சென்னைப் பேச்சுவழக்கில் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே கேலிச்சொல்லாகிவிட்டது. அங்கே போய்வந்ததைக் குடும்பங்கள் உறவினரிடமும் மறைத்தன. பெண் பார்க்க வருபவர்கள் கேட்டுவிடுவார்களோ என்பது அந்த அச்சத்தில் முதலாவது.

அம்ரித்சரின் கூடாரங்கள்

மாற்றம் சென்னையில் தொடங்கவில்லை. எல்லைப்புற நகரமொன்றில், பெரும் நெருக்கடியின் நடுவே தொடங்கியது. நாடு பிரிந்தபோது பஞ்சாபின் பெரிய மனநோய் மருத்துவமனை லாகூரில், பாகிஸ்தான் பக்கத்தில் இருந்தது. அங்கிருந்த இந்து, சீக்கிய நோயாளிகளும் இந்தியாவிலிருந்த முஸ்லிம் நோயாளிகளும் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தபின், 1950 டிசம்பரில் பரிமாறிக்கொள்ளப்பட்டனர். சாதத் ஹசன் மண்டோவின் 'டோபா டேக் சிங்' சிறுகதைக்குப் பின்னணி இந்தப் பரிமாற்றமே. லாகூரிலிருந்து வந்த சுமார் 450 பேரில் பலருக்கு அம்ரித்சரில் இடம் ஏற்பாடு செய்யப்பட்டது.

அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர் மருத்துவர் வித்யா சாகர். இடம் போதவில்லை, செவிலியர் போதவில்லை, பயிற்சி பெற்ற மருத்துவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் செய்தது எளிய காரியம். ராணுவத்தின் பழைய கூடாரங்களை வாங்கி மருத்துவமனை வளாகத்தில் அடிக்கச் செய்தார். நோயாளியைக் கொண்டுவந்த உறவினரைத் திருப்பி அனுப்பாமல் அந்தக் கூடாரத்தில் நோயாளியோடு தங்கச் சொன்னார். உணவு கொடுப்பது, குளிப்பாட்டுவது, உடன் நடப்பது எல்லாம் உறவினர் கையில் இருந்தன. சிகிச்சையை மருத்துவமனை பார்த்துக்கொண்டது. குடும்பங்களைக் கூட்டமாக அமரவைத்து நோயைப் பற்றி அவர் பேசுவதும் வழக்கமாயிற்று.

பிற்காலத்தில் இந்திய மனநல மருத்துவர்கள் இதைக் குடும்பச் சிகிச்சையின் முன்னோடி முயற்சியாக எழுதினர். அது உண்மையே. ஆனால் கோட்பாட்டைப் படித்துவிட்டு யாரும் கூடாரம் அடிக்கவில்லை. ஆள் பற்றாக்குறையே அந்த யோசனையின் தாய். பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடு எதிர்பாராத பலன்களைத் தந்தது. பக்கத்துக் கூடாரத்தில் கட்டிப்போட்டுக் கொண்டுவரப்பட்டவர் சில வாரங்களில் எழுந்து நடந்து, பேசி, வீட்டுக்குக் கிளம்புவதைக் குடும்பங்கள் கண்ணால் பார்த்தன. பேய், சாபம், முன்வினை என்று நம்பி வந்தவர்களுக்கு இது எந்த உபதேசத்தையும் விட வலுவாகப் புரிந்தது. உடன் தங்கியவர் நோயாளியை விட்டுவிட்டுப் போக முடியாது, போகவும் விரும்பவில்லை. ஆகவே குணமானவர் வீடு திரும்பினார். முன்பெல்லாம் சேர்த்துவிட்டுச் சென்ற குடும்பம் திரும்பி வராததால் குணமான பின்னும் உள்ளேயே முதுமை அடைந்தவர்கள் ஏராளம். இன்று அந்த மருத்துவமனை வித்யா சாகரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வேலூரில் சமையலறை

ஏறத்தாழ அதே காலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் பணியாற்றிவந்தார். 1957இல் வேலூருக்கு வெளியே பாகாயத்தில் மனநல மையம் தொடங்கப்பட்டபோது, உறவினர் ஒருவராவது உடன் தங்க வேண்டும் என்பது அதன் நடைமுறையானது. அம்ரித்சரில் அவசர ஏற்பாடாக இருந்தது இங்கே கட்டடத்தின் வடிவமாகவே மாறியது. நீண்ட வார்டுக்குப் பதில் சிறு குடியிருப்புகள். நோயாளியும் உறவினரும் ஒரே அறையில் தங்கினர்; குடும்பமே சமைத்துக்கொண்டது.

சமையல் என்பதைச் சிறிய விவரமாகக் கடந்துவிடக் கூடாது. வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருவார்கள். அவரவர் உணவை அவரவர் சமைத்தால் வீட்டின் ஒழுங்கு சிறிதளவேனும் மருத்துவமனைக்குள் வந்துவிடுகிறது. அரிசி களைய, காய் நறுக்க நோயாளியை அழைக்கலாம். எத்தனை நாளாக அவர் எதையும் தொடாமல் இருந்தார், இன்று எதைச் செய்தார் என்பது தாய்க்கோ மனைவிக்கோ தெரியும். மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு வார்டு ஊழியரால் இப்படி விடை சொல்ல முடியாது. இம்முறையை விவரித்து கோல்மேயர், ஃபெர்னாண்டஸ் ஆகியோர் 1963இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் எழுதினர். ஆர். சாக்கோ 1967இல் இந்திய மனநல மருத்துவ இதழில் எழுதினார். பின்னர் பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் கழகத்திலும் குடும்ப வார்டு ஏற்பட்டது.

உடன் தங்குவதற்கு விலை உண்டு. ஒருவர் பல வாரம் ஊரைவிட்டு வந்து தங்கினால் அவருடைய கூலியோ சம்பளமோ போகும். வீட்டிலுள்ள மற்ற பிள்ளைகளை யார் பார்ப்பது, கறவை மாட்டை யார் கவனிப்பது என்ற கேள்விகள் எழும். உடன் தங்க ஆளே இல்லாதவருக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. முன்னோடிக் கட்டுரைகள் குடும்பம் இருப்பதன் நன்மையையே அதிகம் பேசின. குடும்பம் இழந்தது என்ன என்ற கணக்கு எடுக்கப்பட மேலும் பல ஆண்டுகள் ஆயின.

மேற்கில் நேர் எதிர்த் திசை

அம்ரித்சரில் தாய்மார்கள் கூடாரத்தில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அமெரிக்காவில் தாயே நோய்க்குக் காரணம் என்ற கோட்பாடு செல்வாக்குடன் இருந்தது. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை முன்வைத்தார். 1956இல் கிரகரி பேட்சன் குழுவினர், குடும்பத்துக்குள் முரண்பட்ட செய்திகளை மாறிமாறிப் பெறும் பிள்ளை நோய்வாய்ப்படுகிறது என்றனர். இவற்றுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை, பின்னாளில் கைவிடப்பட்டன. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறைப் பெற்றோர் குற்றவாளிகளாக நடத்தப்பட்டிருந்தனர். அந்தக் கோபத்தின் ஒரு விளைவாக 1979இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் பெற்றோர் ஒன்றுகூடி அமைப்பு தொடங்கினர். அது இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய குடும்ப அமைப்பாக உள்ளது.

இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுனும் அவருடன் பணியாற்றியவர்களும் வேறு வழியில் சென்றனர். வீடு நோயை உண்டாக்குகிறது என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால் ஓயாத குறைகூறலும் எல்லைமீறிய கவலையும் நிறைந்த வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகம் எனக் கண்டனர். இதே அளவுகோலைக் கொண்டு 1980களில் சண்டிகரில் ஆராய்ந்தபோது, லண்டன் குடும்பங்களைவிட இந்தியக் குடும்பங்களில் இத்தகைய கடுமை குறைவாக இருந்தது. இதை வைத்து இந்தியக் குடும்பத்தைப் போற்றும் பேச்சு பெருகியது. போற்றுவதில் தவறில்லை. ஆனால் போற்றப்பட்டவரின் செலவைக் கேட்க மறந்துவிடுவது எளிது.

சுமைக்கு ஒரு கணக்கு

அந்தக் கேள்வியை முறையாகக் கேட்டவர்கள் பெங்களூரைச் சேர்ந்த ஷைலா பாயும் ஆர்.எல். கபூரும். நோயாளியின் குடும்பத்தின் மீதுள்ள சுமையை அளக்க அவர்கள் உருவாக்கிய நேர்காணல் பட்டியல் 1981இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியானது. அதன் கேள்விகளை இன்று வாசித்தாலும் ஒரு வீட்டின் உட்புறம் தெரிகிறது. நோயாளியின் வருமானம் நின்றதா? அவரைப் பார்த்துக்கொள்ள வேறு யாரேனும் வேலையை விட்டார்களா? கடன் வாங்கினார்களா? பணம் தேவைப்படும் வேறு திட்டம் ஏதேனும் தள்ளிப்போனதா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பல வீடுகளில் பதில் தங்கையின் திருமணமாகவோ தம்பியின் படிப்பாகவோ இருந்திருக்கும் என்று ஊகிக்கச் சிரமமில்லை.

பணத்தோடு பட்டியல் நிற்கவில்லை. வீட்டின் அன்றாட ஒழுங்கு, ஓய்வும் பொழுதுபோக்கும், வீட்டிலுள்ளோரின் உறவு, அவர்களின் உடல்நலம், அவர்களின் மனநலம் ஆகியவற்றையும் சேர்த்து ஆறு பகுதிகளாகக் கேள்விகள் அமைந்தன. நோயாளியைப் பற்றிக் குடும்பத்துக்குள் சண்டை வருகிறதா, நண்பர்களும் அண்டைவீட்டாரும் வருவது நின்றதா, குடும்பம் ஒதுங்கி வாழத் தொடங்கியதா, யாருக்கேனும் தூக்கம் போயிற்றா என்று விசாரிக்கப்பட்டது. எல்லாம் முடிந்த பின், உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று உறவினரிடமே கேட்கும் ஒரு கேள்வியும் இருந்தது. நோயாளியைப் பற்றி மட்டுமே பேசப் பழகியிருந்த உறவினருக்குத் தன்னைப் பற்றிப் பேசக் கிடைத்த முதல் வாய்ப்பாக அது பலருக்கு இருந்திருக்கலாம்.

சென்னையில் இந்தப் பணி நீண்ட காலம் தொடர்ந்தது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்தவர் சாரதா மேனன், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் எனக் கருதப்படுபவர். ஓய்வுக்குப் பின் 1984இல் அவர் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான ஸ்கார்ஃபைத் தொடங்கினார். இங்கே ஆர். தாராவும் உடன் பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டுச் சூழலுக்கேற்ற சுமை அளவுகோல் ஒன்றை 1998இல் வெளியிட்டனர். நோயாளிகளின் குடும்பத்தினரே சேர்ந்து நடத்தும் 'ஆஷா' அமைப்பும் 1980களின் இறுதியில் சென்னையில் உருவானது.

ஸ்கார்ஃப் 2003இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று தனித்துப் பேசத்தக்கது. மனச்சிதைவு நோய் கொண்டு, மணவாழ்க்கை முறிந்த 76 பெண்களையும் அவர்கள் குடும்பங்களையும் பற்றியது அது. பெரும்பாலான பெண்கள் தாய்வீட்டுக்குத் திரும்பியிருந்தனர். கணவரிடமிருந்து ஜீவனாம்சம் என்பது அரிதாகவே கிடைத்தது. வயதான பெற்றோர் தம் குறைந்த வருவாயில் மகளையும், சில வீடுகளில் மகளின் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டனர். மனநோய் என்ற இழிவைவிட வாழாவெட்டி என்ற இழிவே தங்களை அதிகம் வருத்துவதாகப் பெண்களும் பெற்றோரும் சொன்னது அந்த ஆய்வின் முக்கியமான செய்தி. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்ற ஊர்ப்பேச்சை நம்பி நோயை மறைத்துத் திருமணம் முடித்த குடும்பங்கள் அதன் விளைவையும் தாங்களே சுமந்தன. நாங்கள் போன பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்பதே அந்தப் பெற்றோரின் தீராத கவலையாக இருந்தது.

கோயிலும் தர்காவும்

மருத்துவமனை குடும்பத்தை வெளியே நிறுத்திய காலத்திலும் கோயிலும் தர்காவும் அப்படிச் செய்யவில்லை. திருச்சிக்கு அருகிலுள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயிலில் நோயாளியும் உறவினரும் ஒரு மண்டலம், அதாவது 48 நாட்கள் தங்கி வழிபடுவது வழக்கம். வேலாயுதம்பாளையம்புதூரிலுள்ள முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் கவனித்தனர். உடன் ஒரு உறவினர் இருந்தாக வேண்டும் என்பது அங்கும் விதி. மருந்து தரப்படவில்லை, கோயில் வேலைகளில் பங்குகொண்டு சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களிடம் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் இதை வெளியிட்டபோது கடும் விவாதம் எழுந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறு ஆய்வு அது. மருந்துக்கு மாற்று கோயில் என்று அதிலிருந்து முடிவு செய்ய முடியாது. ஆனால் உடன் ஒருவர் இருக்க, அடிக்கவோ கட்டவோ செய்யாத இடத்தில் நோயாளிக்குக் கிடைக்கும் ஆறுதலை அது காட்டியது.

அந்த உறவினர் இல்லாதபோது என்ன நேரும் என்பதை ஏர்வாடி காட்டியது. ராமநாதபுரம் மாவட்டத்தில் புகழ்பெற்ற தர்காவைச் சுற்றித் தனியார் மனநலக் காப்பகங்கள் பல முளைத்திருந்தன. தர்காவில் தங்க முடியாத குடும்பங்கள் மாதக் கட்டணம் செலுத்தி நோயாளியை இவற்றில் விட்டுச் சென்றன. ஓடிவிடாமலிருக்க அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டனர். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர்.

விட்டுச் சென்ற குடும்பங்கள் மீது பழி சொல்வது அன்று எளிதாக இருந்தது. பணம் கட்டிவிட்டு எட்டிப்பார்க்காதவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் மருத்துவமனைக்கும் மந்திரவாதிக்கும் மாறிமாறி அலைந்து, நிலத்தை விற்று, மற்ற பிள்ளைகளின் வாழ்வை ஒதுக்கிவைத்து, கடைசியில் ஏர்வாடிக்கு வந்த குடும்பங்களும் இருந்தன. அருகிலேயே மருந்து கிடைக்கும் ஊரில் அவர்கள் வாழ்ந்திருந்தால் அந்தப் பயணமே தேவைப்பட்டிருக்காது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. காப்பகங்கள் மூடப்பட்டன.

சட்டத்தில் குடும்பத்தின் இடம்

1912ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றம் செல்லாமலே, உறவினர் அல்லது நண்பரின் விண்ணப்பத்தின் பேரில், மருத்துவச் சான்றுகளோடு, தானாக ஒப்புதல் தர இயலாதவரை 90 நாட்கள் வரை சேர்க்க அது இடம் தந்தது. குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல். நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால், தன் விருப்பம் கேட்கப்படாமலே சேர்க்கப்படும் வழி. சொத்துத் தகராறிலோ குடும்பச் சண்டையிலோ ஒருவரை உள்ளே தள்ளிவிட இது பயன்படக்கூடும் என்ற அச்சமும் இருந்தது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்ற பின் பழைய சட்டம் நீடிக்க முடியவில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் சார்பில் முடிவெடுக்க உதவும் நியமனப் பிரதிநிதியை அவரே தேர்ந்துகொள்ளலாம்; அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. யாரையும் நியமிக்காதபோதுதான் உறவினர், பிறகு பராமரிப்பாளர் என்ற வரிசை வருகிறது. யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது.

மசோதா விவாதத்தில் இருந்தபோது குடும்ப அமைப்புகள் பலவும் கவலை தெரிவித்தன. ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்பவர் தாய். முடிவெடுக்கும் உரிமை யாரோ ஒருவருக்குப் போகலாம் என்றால் என்ன நியாயம் என்பது அவர்கள் கேள்வி. நோய் முற்றிய நிலையில், தனக்கு நோயே இல்லை என்று சொல்லும் ஒருவரை மருத்துவரிடம் கொண்டுசெல்வது எப்படி என்ற நடைமுறைச் சிக்கலையும் எழுப்பினர். நோயாளிகளின் உரிமைக்காகப் பேசியவர்களிடமும் வலுவான பதில் இருந்தது: சங்கிலியிட்டவர்களிலும் விட்டுச் சென்றவர்களிலும் குடும்பத்தினர் உண்டு. இரு தரப்பும் தத்தம் அனுபவத்திலிருந்தே பேசின. இரண்டையும் ஒரே சட்டப்பிரிவில் தீர்த்துவிட முடியவில்லை. குடும்பத்துக்கு ஆதரவுச் சேவை தர வேண்டும் என்று சட்டம் அரசைக் கேட்கிறது. மாவட்ட மருத்துவமனையில் மாதம் ஒருமுறை மருந்து வாங்க வரிசையில் நிற்கும் தாய்க்கு அது பெரும்பாலும் காகிதத்தில் உள்ள சேவைதான்.

அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு குடும்பமே இல்லாதவரைப் பற்றியது. குடும்பம் இல்லை அல்லது குடும்பம் ஏற்க மறுக்கிறது என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது அது. அவர் எங்கே போவது? சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட 'பேன்யன்' அமைப்பு 2015 முதல் ஒரு வழியை முயன்றுவருகிறது. ஆண்டுக்கணக்கில் உள்ளிருந்த பெண்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஊருக்குள் ஒரு வாடகை வீட்டில் குடியேறுகிறார்கள். உதவிக்கு ஓர் ஊழியர் உடனிருக்கிறார். காய்கறி வாங்குவதும் சமைப்பதும் அவர்களுக்குள் முறைவைத்து நடக்கிறது.